கோத்தகிரியில் குடித்தனம்: பட்ட பிறகு எழுதுகிறேன்

வேலை நிமித்தம் நீலகிரிக்குக் குடிவரும் இளம் தம்பதிகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நாங்கள் வந்தபோது வாடகை எவ்வளவு, எந்தப் பள்ளி நல்லது, குளிருக்கு எந்தக் கம்பளி வாங்க வேண்டும் என்றெல்லாம் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பணத்தில் ஒரு பகுதியாவது மிஞ்சியிருக்கும். நான் தனியாக அழுத இரவுகளும் குறைந்திருக்கும்.

எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம் பக்கம், கணவருக்குத் துறையூர். கோத்தகிரி அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலை கொள்முதல் பார்க்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. நான் கோயம்புத்தூரில் உள்ள ஒரு தணிக்கையாளர் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதித் தருகிறேன். மகள் அப்போது யு.கே.ஜி. சாலையிலிருந்து செங்குத்தாகப் படிகள் ஏறி வர வேண்டிய வீடு. சன்னலைத் திறந்தால் தேயிலைத் தோட்டம். மாலை ஆறு மணிக்கு மேல் காட்டுமாடும் கரடியும் அந்தப் படிகளிலேயே நடமாடும் என்பதால் இருட்டுவதற்குள் எல்லோரும் வீட்டுக்குள் இருப்போம்.

இந்த ஊரில் என் கணவருக்குத் தெரியாத ஆள் இல்லை. சிறு விவசாயிகளிடம் இலை எடுக்கப் போகிறவர் அல்லவா! பிக்கப் ஓட்டுபவர்கள், உரக்கடைக்காரர், கேஸ் சிலிண்டர் போடுபவர், டீக்கடைக்காரர், பக்கத்து ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், இருக்கும் பெரியவர்கள் என்று போகிற வழியெல்லாம் அவருக்கு வணக்கம் விழும். உறவுக்காரர்கள் என் பொறுப்பு. இரண்டு பக்கத்துக் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, யாருக்கு யார்மேல் வருத்தம் என்பதெல்லாம் என் தலையில்தான் இருக்கும். பள்ளியும் என்னுடையது. ஊர் அவருக்கு, உறவும் பள்ளியும் எனக்கு என்று யாரும் உட்கார்ந்து பிரித்துக்கொள்ளவில்லை. பெரும்பாலான வீடுகளில் அது தானாக அப்படித்தான் பிரிகிறது. ஒருவர் விழுந்தால் அவர் கையிலிருந்த பாதி உலகமும் சேர்ந்து விழுகிறது.

ஐப்பசி அடைமழையில் ஒரு மாலை, அரவேணுவைத் தாண்டிய வளைவில் அவருடைய பைக் சறுக்கியது. தொடை எலும்பு முறிந்தது. இலை ஏற்றிக்கொண்டு வந்த பிக்கப் ஓட்டுநர் ஒருவர் அவரைத் தூக்கிப்போய்க் கோத்தகிரி அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார். கைப்பேசி நொறுங்கிப்போனது. அங்கே கூடிய அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும்; அவருடைய மனைவியின் எண் ஒருவருக்கும் தெரியாது. வலியில் மயங்கிக் கிடந்தவரால் எண்ணைச் சொல்ல முடியவில்லை. தொழிற்சாலைக் காவலரைப் பிடித்து, அலுவலகக் கோப்பைத் திறக்கவைத்து, என் எண்ணை எடுத்து அழைக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த இரண்டு மணி நேரமும் நான் மழையைப் பார்த்துக்கொண்டு, அவர் ஏதோ ஒரு கடையில் ஒதுங்கி நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. இப்போது எங்கள் இருவருடைய ஓட்டுநர் உரிமத்தின் உறைக்குள்ளும் ஒரு துண்டுக் காகிதம் இருக்கிறது. அதில் துணையின் எண், இன்னொரு உள்ளூர்க்காரரின் எண், இரத்த வகை ஆகிய மூன்றும் உண்டு. கைப்பேசியின் பூட்டுத் திரையிலேயே அவசரத் தொடர்பு எண் தெரியும்படி வைக்கலாம். ஆனால் கைப்பேசி உடைந்தால் அதுவும் போயிற்று. ஆகவே காகிதத்தை விடாதீர்கள்.

செய்தி வந்தபோது மகள் தூங்கிவிட்டாள். அவளை என்ன செய்வது? கும்பகோணத்தில் அம்மா, துறையூரில் மாமியார், சென்னையில் தம்பி. இரவில், மழையில், யார் மலையேறி வர முடியும்? எங்கள் வீட்டுக்குக் கீழே, பத்துப் பன்னிரண்டு படிகள் இறங்கினால் ஒரு வீடு. 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் இந்தப் பகுதியில் நிறைய உண்டு. அதுவும் அப்படி ஒரு குடும்பம். அந்த அக்கா கொழுந்து பறிக்கப் போகிறவர். பார்த்தால் சிரிப்போம், மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவோம், அவ்வளவுதான் பழக்கம். போய்க் கதவைத் தட்டினேன். பாதி சொல்வதற்குள் டார்ச்சை எடுத்துக்கொண்டு என் முன்னால் ஏற ஆரம்பித்துவிட்டார். “பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் அவரைப் பாருங்கள்” என்றார். பிறகொரு நாள், தம் தாயார் சொல்வதாக ஒன்று சொன்னார்: லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் அடுத்த வீட்டுக்கு உடனே தெரிந்துவிடுமாம். அப்படி வளர்ந்தவர்களுக்கு இரவில் வந்து கதவைத் தட்டுவது தொந்தரவே அல்ல. எனக்குத்தான் அது மலையளவு தயக்கமாக இருந்தது.

மருத்துவமனையில் முதலுதவி செய்து, கட்டுப் போட்டு, அறுவை சிகிச்சைக்குக் கோயம்புத்தூர் கொண்டுபோகச் சொன்னார்கள். 108 வண்டி பிரசவத்துக்காக வேறு ஊருக்குப் போயிருந்தது. திரும்ப நேரமாகும் என்றார்கள். காத்திருக்கப் பயந்து தனியார் ஆம்புலன்ஸ் பிடித்தோம். குஞ்சப்பனைப் பக்கம் மண் சரிந்து மரம் விழுந்ததால் மேட்டுப்பாளையம் சாலை மூடியிருந்தது. நேரே 33 கிலோமீட்டரில் இறங்க வேண்டியவர்கள், குன்னூர் போய் பர்லியாறு வழியாகச் சுற்றி இறங்கினோம். வடகிழக்குப் பருவமழையில் இங்கே இது புதிதல்ல. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டி, மாவட்டம் முழுவதும் மண் சரிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பழைய ஆட்கள் மழைக்காலத்தில் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பதைப் பால் வாங்கும்போதே விசாரித்துவிடுகிறார்கள். நீங்களும் அந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, கட்டணமில்லாதது.

ஆம்புலன்ஸுக்கு ஏழாயிரம் ரூபாய் கேட்டார்கள், ரொக்கமாக. வீட்டில் அவ்வளவு இல்லை. என்னை அழைத்த அந்தக் காவலர் தம்மிடம் இருந்ததைக் கொடுத்தார், டீக்கடைக்காரர் மீதியைக் கொடுத்தார். அந்த இரவுவரை அவர்கள் முகத்தை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. கோவையில் நாங்கள் சேர்ந்த தனியார் மருத்துவமனையில் முன்பணம் ஐம்பதாயிரம் கட்டச் சொன்னார்கள். வேலை செய்யும் இடத்தில் குழுக் காப்பீடு இருப்பது எனக்குத் தெரியும். அதன் எண், அட்டை, தொடர்புகொள்ள வேண்டிய ஆள் எல்லாமே அவருடைய நொறுங்கிய கைப்பேசிக்குள் இருந்தன. அவசரச் சேர்க்கை என்றால் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும் என்பார்கள். தீபாவளி விடுமுறை குறுக்கே வந்ததால் தொழிற்சாலை அலுவலகத்தில் விவரம் தெரிந்தவரைப் பிடிக்கவே அந்த நேரம் போய்விட்டது. காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகக் கட்டிவிடும் பணமில்லாச் சிகிச்சை கைநழுவிப் போனது. தொடையில் கம்பி வைத்து வீடு திரும்பும்போது இரண்டரை லட்சத்தை நெருங்கிவிட்டது செலவு. என் நகை அடகுக்குப் போனது, கொழுந்தனார் கைமாற்றாகக் கொடுத்தார், மீதிக்குத் தம்பி உதவினான். பிறகு விண்ணப்பித்துப் பல மாதம் அலைந்து காப்பீட்டிலிருந்து ஒன்றரை லட்சம்தான் திரும்பக் கிடைத்தது. நான் வேலைக்கு உட்கார முடியாமல் இழந்த சம்பளத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய் எங்கள் கையை விட்டுப் போனது.

இந்த இடத்தில் இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் முதல் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது; சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, திட்டத்தில் சேர்ந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த மருத்துவமனை அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று ஆம்புலன்ஸில் ஏறும் முன் கேட்டுவிட வேண்டும். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. பிறகு ஒரு பிக்கப் ஓட்டுநர்தான் சொன்னார். அடுத்து, வாகன விபத்து என்றால் முதலில் பார்த்த மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டுக்கு அதைத்தான் முதலில் கேட்டார்கள். அதற்காக மட்டும் நான் மழையில் திரும்பத் திரும்ப அலைந்தேன்.

உறவினர்களைப் பற்றி மனம் திறந்து சொல்கிறேன். அவர்கள் அன்பில் குறையே இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்ட நிமிடத்திலிருந்து கைப்பேசி ஓயவில்லை. “எப்படி ஆயிற்று?”, “டாக்டர் என்ன சொன்னார்?”, “ஏன் எங்களுக்கு முதலில் சொல்லவில்லை?” என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக அழைத்தார்கள். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்கும்போதும் ஒரு பெரியப்பாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் தம்பி பொறுப்பெடுத்துக்கொண்டான். தினமும் இரவு எட்டு மணிக்கு அவனிடம் நான் இரண்டு நிமிடம் பேசுவேன். குழுவில் அவன் எழுதுவான். யார் அழைத்தாலும் அவனிடம் கேட்கச் சொல்லிவிட்டேன். சிலர் முகம் சுளித்தார்கள். அதைப் பார்த்தால் நோயாளியைப் பார்க்க முடியாது. உங்கள் குடும்பத்தில் இப்படிப் பேசத் தகுந்த ஒருவரை இப்போதே மனத்தில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

வந்து நின்றவர்கள் எல்லோரும் முதல் வாரத்தில் வந்தார்கள். மருத்துவமனை வாசலில் எங்கள் வீட்டார் எட்டுப் பேர் இருந்த நாள் உண்டு. அங்கே செவிலியர் இருக்கிறார்கள், கேன்டீன் இருக்கிறது, ஒருவர் போதும். மலைக்குத் திரும்பி, படுக்கையில் இருப்பவரோடு நானும் குழந்தையும் மட்டும் நின்றபோது எல்லோருடைய விடுப்பும் தீர்ந்துவிட்டது. மாமியார் கூட வந்து தங்கினார். கார்த்திகைக் குளிரும் ஈரமும் அவருடைய மூச்சிரைப்பைக் கிளப்பிவிட, அவரையும் மருத்துவரிடம் கூட்டிப்போகும்படி ஆனது, கண்ணீரோடு அனுப்பிவைத்தேன். முறிந்த எலும்பு ஒன்றுசேர மாதக் கணக்காகும். உண்மையான கஷ்டம் மூன்றாவது வாரத்தில்தான் தொடங்குகிறது. அப்போது அழைப்புகளும் நின்றுவிடும், “இப்போது பரவாயில்லையா?” என்ற கேள்வி மட்டும் எப்போதாவது வரும். ஆகவே உறவினர் யாராவது “நாங்கள் வரட்டுமா?” என்று கேட்டால், கூச்சப்படாமல் தேதி கொடுங்கள். “இந்த வாரம் வேண்டாம் அத்தை, வருகிற மாதம் முதல் வாரம் வந்து பத்து நாள் இருங்கள்” என்று சொல்லுங்கள். இப்படிச் சொன்னதால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. சொல்லாமல் இருந்தபோதுதான் எல்லோரும் ஒரே நாளில் வந்து ஒரே நாளில் போனார்கள்.

வீடு திரும்பிய நாளில் அவரைப் படிகளில் ஏற்றியது பிக்கப் ஓட்டுநர்கள்தாம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நான்கு பேர் நான்கு காலைப் பிடித்து, மூச்சு வாங்க ஏறினார்கள். அதற்குப் பிறகுதான் அன்றாடம் என்றால் என்ன என்று புரிந்தது. சாலையோரம் இறக்கிவிட்டுப் போகும் சிலிண்டரை யார் மேலே தூக்கிவருவது? தண்ணீர் வரும் நேரமும் பள்ளி வேன் வரும் நேரமும் ஒன்றாக இருந்தால் எதைப் பார்ப்பது? நான் சாலைக்குப் போன பத்து நிமிடத்தில் அவருக்குக் கழிப்பறை போக வேண்டியிருந்தால்? இவற்றில் எதுவும் பெரிய உதவி இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கூப்பிடு தூரத்தில் ஓர் ஆள் வேண்டும். சென்னையிலிருக்கும் தம்பி உயிரையே கொடுப்பான், சிலிண்டரைத் தூக்கித் தர அவனால் முடியாது.

கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால், அவர்மேல்தான் வந்தது. ஊர் முழுக்கத் தெரிந்த மனிதரின் மனைவிக்கு ஊரில் ஒருவரையும் தெரியவில்லையே என்று ஓர் இரவு கத்திவிட்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். குளிப்பாட்டிவிடும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். நான் பேசாமல் இருந்தால் பாரமாகிவிட்டோம் என்று நினைப்பார், பேசினால் எரிச்சல் வந்துவிடும். மனைவியாக இருந்த நான் செவிலியாகவும் சமையல்காரியாகவும் கடன் வாங்குபவளாகவும் ஆகிவிட்ட பிறகு, இருவரும் உட்கார்ந்து பேச எதுவுமே மிஞ்சவில்லை. அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த அந்த ஓட்டுநர் ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தார். முகச்சவரம் செய்துவிடுவார், இலை விலை ஏறியது இறங்கியது பேசுவார், இருவரும் சிரிப்பார்கள். அந்த இரண்டு மணி நேரம் நான் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவேன். அவர் போன பிறகு என் கணவர் பழைய மனிதராக இருப்பார். அவருக்கு என்னால் கொடுக்க முடியாத ஏதோ ஒன்றை அந்த நண்பர் கொடுத்தார். அதில் எனக்கு வருத்தமே இல்லை, பெரிய நிம்மதி.

அடுத்து நான் விழுந்தேன். கடுமையான காய்ச்சல், தலை தூக்க முடியவில்லை. இப்போது மற்றப் பாதி உலகம் சரிந்தது. புதுக் கைப்பேசியில் அவருக்கு ஊர் எண்கள் திரும்பக் கிடைத்திருந்தன. பால், மருந்து, கஞ்சி எல்லாம் வந்துவிட்டன. ஆனால் மகளின் வகுப்பாசிரியை யார், வேன் ஓட்டுநர் எண் என்ன, அவளுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியவில்லை. மகள் பள்ளி போகாமல் வீட்டிலேயே இருந்தாள். படுக்கையிலிருந்து அப்பா, பக்கத்து அறையிலிருந்து அம்மா, நடுவில் ஐந்து வயதுக் குழந்தை தண்ணீர் டம்ளரோடு நடந்துகொண்டிருந்தாள். அன்று மாலை கீழ்வீட்டு அக்கா பார்த்துவிட்டுக் கடிந்துகொண்டார்: “ஏன் சொல்லவில்லை? நாங்கள் எதற்கு இருக்கிறோம்?”

கோவையில் கல்லூரியில் சமூகவியல் சொல்லித்தரும் என் தோழி, பார்க்க வந்தபோது இரண்டு ஆய்வுகளைப் பற்றிச் சொன்னாள். எலிசபெத் பாட் என்ற மானுடவியலாளர் லண்டனில் இருபது குடும்பங்களை ஆராய்ந்து 1957இல் வெளியிட்டார். சொந்தபந்தமும் பழகியவர்களும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்கும் நெருக்கமான சூழலில் வாழும் தம்பதிகள், அவரவர் வேலைக்கு அவரவர் ஆட்களிடம் உதவி பெறுகிறார்கள். அறிந்தவர்கள் சிதறிக் கிடக்கும் தம்பதிகள் ஒருவரை ஒருவர் மட்டுமே நம்பி நிற்க நேர்கிறது என்று அவர் கண்டார். கேட்டதும் எங்கள் வீட்டையே யாரோ படித்துக் காட்டியதுபோல் இருந்தது. கும்பகோணத்தில் என் அம்மா அப்பாவை நம்பி எதற்கும் காத்திருந்ததில்லை. சித்தி இருந்தார், எதிர்வீட்டு மாமி இருந்தார். மலைக்கு வந்த எனக்கு அத்தனைக்கும் ஒரே ஆள் கணவர், அவருக்கு நான். கனடாவின் டொராண்டோவில் பாரி வெல்மன் என்ற சமூகவியலாளர் செய்த ஆய்வுகளில், பெரும்பாலான உறவுகள் எல்லா உதவியும் தருவதில்லை, ஒவ்வொன்றும் ஒருவகை உதவிதான் தருகிறது என்று தெரிந்ததாம். பெற்றோரும் பிள்ளைகளும் பணம் உட்படப் பலவற்றையும் கொடுத்துக்கொள்கிறார்கள். கைவேலை உதவி எளிதில் வந்து சேரக்கூடியவரிடமிருந்து வருகிறது. இது தெரிந்தபின் ஒரு மனக்கசப்பு எனக்குப் போய்விட்டது. கொழுந்தனார் ஒருநாள்கூட வந்து தங்கவில்லை என்று மனத்துக்குள் கணக்கு வைத்திருந்தேன். அவர் பணம் கொடுத்தார், அது அவரால் முடிந்தது. அக்கா குழந்தையைப் பார்த்தார். தம்பி செய்தி சொன்னான். ஒருவரிடமே எல்லாவற்றையும் எதிர்பார்த்தால் எல்லோர்மேலும் குறைதான் தோன்றும்.

அதன் பிறகு ஒரு நோட்டு போட்டோம். எங்கள் பக்கம் கல்யாண வீட்டில் மொய் நோட்டு இருக்கும், யார் எவ்வளவு எழுதினார்கள் என்று பார்த்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்வோம். அதைப்போலவே இதில் உதவியை எழுதுகிறோம். ஒரு பக்கம் எந்த வேலைக்கு யார், அவர்கள் எண், அவர்கள் வீட்டில் இல்லாவிட்டால் இன்னொருவர். எதிர்ப்பக்கம் அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள், நாம் என்ன செய்யலாம். காப்பீட்டு எண், வங்கி விவரம், வகுப்பாசிரியை, வேன், மகளின் மருந்து ஒவ்வாமை எல்லாம் முதல் பக்கத்தில். மழை பலத்தால் இங்கே மின்சாரம் போகும், பின்னாலேயே கைப்பேசிக் கோபுரமும் போகும்; ஆகவே எல்லாம் காகிதத்தில்தான். எண் மட்டும் இருந்தால் போதாது என்பதால் அவருடைய ஆட்களை நான் நேரில் போய்ப் பார்த்தேன். சிலிண்டர் போடுபவர் பெயர் எனக்கு இப்போது தெரியும், அவருக்கும் என் முகம் தெரியும். என் கணவர் பள்ளிக்கு வந்து ஆசிரியையிடம் பேசினார், தாத்தா பாட்டிகளுக்கு வாரம் ஒருமுறை அவரே அழைக்கிறார்.

உதவி கேட்பதில் ஒன்று கற்றேன். “ஏதாவது உதவி வேண்டும்” என்று பொதுவாகச் சொன்னால் கேட்பவருக்குப் பயமாக இருக்கிறது, எங்கே முடியும் என்று தெரியாததால். “வியாழக்கிழமை மட்டும் பிள்ளையை வேனிலிருந்து இறக்கி அரை மணி நேரம் வைத்துக்கொள்ள முடியுமா?” என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதிக்கிறார்கள்; முடியாவிட்டாலும் சங்கடமில்லாமல் சொல்லிவிடுகிறார்கள். வகுப்புத் தாய்மார்களிடம் இப்படிக் கேட்டே இரண்டு நாட்களைச் சமாளித்தேன்.

கைம்மாறு செய்வதில் கவனம் வேண்டும். அக்காவின் கையில் நான் ஐந்நூறு ரூபாயைத் திணிக்கப் போனபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. “கூலிக்கா பார்த்தேன்?” என்றார். பிறகு அவர் மகள் கல்லூரியில் சேர்ந்தபோது, அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கான விவரங்களை நான் சரிபார்த்து, வங்கிக் கணக்கு வேலையையும் முடித்துக் கொடுத்தேன். அதன் பிறகு எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையே வார்த்தையே மாறிவிட்டது. எனக்குத் தெரிந்த வேலை அவர்களுக்குத் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அவர் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கும் இப்போது என் கையில் பார்க்கப்படுகிறது. அதனால் இன்னும் பதினைந்து வீடுகளுக்கு நான் தெரிந்தவள் ஆனேன்.

இயன்முறை சிகிச்சைக்கு (பிசியோதெரபி) வாரத்துக்கு இரண்டு முறை கார் வைத்துக் கீழே போய்க்கொண்டிருந்தோம், போகவரச் செலவு கொஞ்சமல்ல. அக்காவின் தாயாருக்கு இரத்த அழுத்த மாத்திரை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய திட்டம். அதிலேயே நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டுக்கு வருவார் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. சுகாதார நிலையச் செவிலியரிடம் பெயர் கொடுத்தோம், வந்தார். என் படித்த நண்பர்கள் ஒருவருக்கும் இது தெரியாது. தெரிய வேண்டிய தேவை அவர்களுக்கு வந்ததில்லை. நம்மைப் போன்றவர்களோடு மட்டும் பழகினால் நமக்குத் தெரிந்ததே திரும்பத் திரும்ப நம்மிடம் வரும்.

எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லக் கூடாது என்பதும் பட்டுத் தெரிந்ததுதான். நகை அடகு வைத்த விஷயம் என் பக்கத்து ஒருவர் மூலம் குழுவுக்குப் போய், மாமியார் காதுக்கு எட்டி, மகனை நான் அவமானப்படுத்திவிட்டதாக ஒரு மாதம் பேச்சு நின்றது. கடன், சண்டை, உடம்பின் அந்தரங்கம் ஆகிய மூன்றையும் இருவரும் கலந்து பேசிய பிறகுதான் வெளியே சொல்வது என்று முடிவெடுத்திருக்கிறோம். அதே நேரம், மனம் தாங்காதபோது பேச ஆளுக்கொரு நண்பர் உண்டு. எனக்கு அந்தத் தோழி, அவருக்கு அந்த ஓட்டுநர். அவர்களிடம் என்ன பேசினாய் என்று நாங்கள் கேட்டுக்கொள்வதில்லை.

அவர் இப்போது தடி இல்லாமல் நடக்கிறார். தொழிற்சாலையில் பைக் வேலையை மாற்றி எடைமேடைப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள், சம்பளம் கொஞ்சம் குறைவு. நகையில் பாதியை மீட்டுவிட்டோம், கொழுந்தனாருக்கு மாதாமாதம் திருப்பிக்கொண்டிருக்கிறோம். நோட்டில் ஒரு வரி மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது: எங்கள் இருவரையும் ஒரே நேரத்தில் கீழே கொண்டுபோக நேர்ந்தால், மகளோடு பல நாள் தங்கப்போவது யார்? அக்கா ஓர் இரவு, இரண்டு இரவு பார்ப்பார். கொழுந்துக் காலத்தில் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. என் சித்தி மகளுக்குக் குளிர் ஒத்துக்கொள்கிறது, கல்லூரியும் முடித்துவிட்டாள். வருகிற மாதம் அவளை ஒரு வாரம் தங்க வரச்சொல்லியிருக்கிறோம், அவளுக்கும் எங்கள் மகளுக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க.